பார்த்துவிட்டும் பதில் போடாதவர்கள்

கேள்வி: மார்த்தாண்டம் பக்கத்து வாசகி
8 ஜூன் 2025, காலை

வீட்டுக்காரர் வழிச் சொந்தங்களுக்கென்று ஒரு வாட்ஸப் குரூப் உண்டு. நாத்தனார் மகளை மாப்பிள்ளை வீட்டார் பார்த்துவிட்டுப் போன படங்களை அதில் போட்டிருந்தார்கள். நான் அடுப்படியில் நின்றுகொண்டே பார்த்தேன், வேலை நடுவே பதில் போடவில்லை. ஞாயிறன்று அவர்கள் வீட்டுக்குப் போனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. "பாத்துட்டும் ஒரு வார்த்த போடல்ல" என்று பெரிய மதினியிடம் குறை சொன்னார்களாம். ஃபேஸ்புக்கும் வாட்ஸப்பும் வந்ததோடு மனிதருக்கு மனிதர் பேச்சே அற்றுப்போயிற்று, எல்லோரும் ஒரேயடியாக வெளியே வந்தால்தான் நிம்மதி என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

8 ஜூன், இரவு

மறுக்கிறேன். பேச்சு அற்றுப்போகவில்லை, தேவைக்கு மேல் பெருகிக் கிடக்கிறது. உங்கள் நாத்தனார் வீட்டில் நடந்தது வேறு.

நித்திரவிளைப் பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை. அதற்கு முன்னால் அதே இடத்தில் எஸ்டிடி பூத் வைத்திருந்தேன். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கதவு போட்ட மரக் கூண்டு, உள்ளே ஒரு சின்ன ஃபேன், தலைக்கு மேல் சிவப்பு எண்கள் ஓடும் மீட்டர். கல்ஃபுக்குப் பேச வருகிறவர்கள் சொல்லவேண்டியதை ரேஷன் கார்டு உறையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு வருவார்கள். பேசும்போது கண் மீட்டரில்தான் இருக்கும். "எல்லாரும் சுகம், நீ எப்படி இருக்க, வைக்கட்டா." அவ்வளவுதான் பேச்சு. இன்றைக்கு ஒரு தாய் மகனிடம் ஒரு நாளில் பேசுவதை அன்றைக்கு ஆறு மாதத்தில் பேசியிருக்கமாட்டாள்.

ஆனால் அன்றைக்குப் பேசாமல் இருப்பதற்கு ஆயிரம் சாக்கு இருந்தது. லைன் கிடைக்கவில்லை, மழையில் கேபிள் போயிட்டு, கடுதாசி போட்டேனே வரவில்லையா, பூத்தில் ஆள் நின்றது. பாதி பொய். பொய் என்று கேட்பவருக்கும் தெரியும். தெரிந்தும் "ஓ, அப்படியா" என்று ஏற்றுக்கொள்வார்கள், இரண்டு பேருக்கும் மானம் தப்பிவிடும். செய்தியைப் படித்துவிட்டதைக் காட்டும் நீலக் குறி வாட்ஸப்பில் வந்தது 2014 நவம்பரில். அதோடு அந்தச் சாக்கு முடிந்தது. நீங்கள் பதில் போடாதது நாத்தனாருக்குப் பெரிய விஷயமாகப் பட்டிருக்காது. பார்த்தீர்கள் என்பதற்குக் கையில் சாட்சி கிடைத்துவிட்டதுதான் உறைத்திருக்கிறது.

9 ஜூன், காலை

நீலக் குறியை அணைத்து வைக்கலாமே என்று ஒருவர். அணைக்கலாம். அணைத்தால் அடுத்தவர் படித்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாது. அதைவிட முக்கியம், குரூப்பில் அந்த அணைப்பு செல்லாது. அனுப்பியவர் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவலைத் திறந்தால் யார் யார் படித்தார்கள், எத்தனை மணிக்கு என்று பட்டியலே வரும். கல்யாண வீட்டில் மொய் நோட்டைத் திறந்துவைத்துப் பார்ப்பார்களே, அதே பார்வையோடு இதைப் பார்க்கிறவர்கள் உண்டு. உங்கள் நாத்தனாரும் அப்படிப் பார்த்திருப்பார் என்று பந்தயம் கட்டுகிறேன்.

தனிச் செய்திகளுக்கு அணைத்தாலும் நம் ஊரில் அடுத்த கேள்வி, "எதுக்கு மறச்சு வச்சிருக்கா?"

11 ஜூன்

மேற்படி குறிக்கு நான் எதிரி என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். அப்படியில்லை. இதைப் படியுங்கள்.

தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல்காரர்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், படகு போனால் மூன்று வாரமும் ஆகும், அதைத் தாண்டியும் ஆகும். கொச்சியில் ஏறுவார்கள், லட்சத்தீவுப் பக்கமோ குஜராத் வரையோ போவார்கள். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் டவர் விட்டுவிடும். என்னிடம் ரீசார்ஜுக்கு வரும் ஒரு பெண் அந்த ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவள். புருஷன் கடலில் இருக்கும்போதும் தினமும் மெசேஜ் போடுவாள். இளையவனுக்குக் காய்ச்சல். கரண்ட் பில் கட்டியாச்சு. பள்ளியில் கையெழுத்துக் கேட்டார்கள், நானே போட்டுக் கொடுத்தேன். போய்ச் சேராது என்று தெரிந்தேதான் போடுகிறாள். ஒருமுறை ஃபோனைக் காட்டினாள். மேலிருந்து கீழே வரை பச்சைக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத்தில் ஒற்றைக் குறி. விரலால் தள்ளிக்கொண்டே போனாள், முடியவில்லை.

அவள் சொன்னது அப்படியே: "மூணு மணிக்கு முழிப்பு வந்து பாத்தேன் அண்ணாச்சி. எல்லாத்துலயும் ரெண்டு டிக் விழுந்துட்டு. மாதா காத்தான்னு எழும்பி முட்டு போட்டேன்."

படகு டவர் எல்லைக்குள் வந்துவிட்டது, ஃபோன் உயிரோடு இருக்கிறது, ஆளும் இருக்கிறான். ஒரு குரலும் கேட்காமல் அத்தனையும் தெரிந்துவிட்டது. அவளுடைய அம்மாவுக்கும் பாட்டிக்கும் இது கிடைத்ததில்லை. மணலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். சமூக ஊடகத்தால் மன நிம்மதி கெடுகிறது என்று எழுதுகிறவர்கள் அந்த மூன்று மணியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

கதை அங்கே முடியவில்லை. அவளே தொடர்ந்தாள்: "பொறவு பாத்தா நாலு மணிக்கு ஆன்லைன்ல இருக்காரு. அஞ்சு மணிக்கும் இருக்காரு. எனக்கு விளிச்சது ஒம்பது மணிக்கு." அதற்கு ஒரு வாரம் சண்டை. சமாதானப்படுத்துகிறேன் என்று வாயைத் திறந்த நானும் கொஞ்சம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

11 ஜூன், சற்று நேரம் கழித்து

இப்போது படகு ஏது என்று கேட்கப்போகிறவர்களுக்கு: மேலே சொன்னது பழைய கதை. இப்போது மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்குக் கரைக் கணக்கு வேறு, சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15ல் தொடங்கி ஜூன் 14ல் முடியும். கன்னியாகுமரி என்ற ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம், வேறெங்கும் இப்படி இல்லை என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு பெருமை.

12 ஜூன்

குட்மார்னிங் படங்களுக்கும் நீலக் குறி வைத்துச் சண்டை உண்டா என்று ஒரு தம்பி. உண்டு. என் சொந்தச் சித்தப்பா.

17 ஜூன்

"ஆராய்ச்சிகளே நிரூபித்துவிட்டன, இன்னும் என்ன பேச்சு" என்று ஒருவர் அதட்டியிருக்கிறார். மழையில் கடைக்கு ஆள் இல்லை, உட்கார்ந்து படித்ததைச் சொல்கிறேன்.

2018ல் அமெரிக்காவில் இடைக்காலத் தேர்தல் சமயத்தில், சம்மதித்தவர்களுக்குப் பணம் கொடுத்து 4 வாரம் ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள் பொருளாதார ஆய்வாளர்கள். ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமாயிற்று. அதில் கொஞ்சம் வீட்டாரோடும் கூட்டாளிகளோடும் போயிற்று, கொஞ்சம் தனியாக உட்கார்ந்து டிவி பார்ப்பதில் போயிற்று (வாசகி அக்காவின் கட்சிக்கு இது அடி). மனம் கொஞ்சம் தெளிந்தது, கொஞ்சம்தான். கட்சிச் சூடு தணிந்தது, நாட்டு நடப்பும் முன்பைவிடக் குறைவாகத்தான் தெரிந்தது. காலக்கெடு முடிந்து திரும்பி வந்த பிறகும் பலர் பழைய அளவுக்குப் போகவில்லை. இது 2020ல் வெளியான ஆய்வு.

அதற்கு முந்தின ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளம் வயதினரின் தரவுகளை அலசினார்கள். அந்தப் பிள்ளைகளின் மனநலத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் ஃபோன், கம்ப்யூட்டர் பயன்பாட்டோடு சேர்த்துச் சொல்ல முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம். உருளைக்கிழங்கு தின்பதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு தொடர்பு தென்பட்டது என்று அவர்களே எழுதினார்கள். மரச்சீனிக் கிழங்கும் மீனுமாக வளர்ந்த நம்மை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொரு பக்கம், 2023ல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி, நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் கழிக்கும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றின் அறிகுறிகள் வரும் ஆபத்து இரண்டு மடங்கு என்று எச்சரிக்கை வெளியிட்டார். ஆஸ்திரேலியா 2024 நவம்பரில் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் கணக்கு வைத்திருக்கக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டது, 2025 டிசம்பர் 10 முதல் அது நடைமுறை.

ஆக, இரண்டு பக்கமும் பிடி கொடுக்காத விஷயம். எனக்கு இதில் ஒரு குறை. மணிக்கணக்கைத்தான் பெரும்பாலும் அளக்கிறார்கள். தூத்தூர்ப் பக்கத்தில் ஒருத்தி விடியற்காலையில் "ஆன்லைன்" என்ற எழுத்தைப் பார்த்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஒரு வாரச் சண்டைக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்புறம், எல்லோரும் வெளியே வந்துவிடலாம் என்பதற்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஃபேஸ்புக்கை விட்டவருக்குப் போனது அரட்டையும் செய்தியும். இங்கே வாட்ஸப்பை விட்டால் பள்ளி வீட்டுப்பாடம் வராது, அன்பிய (சர்ச்சின் வட்டாரக் கூட்டம்) அறிவிப்பு வராது, ஊரில் யார் போய்ச் சேர்ந்தார் என்பது அடக்கம் முடிந்துதான் தெரியும்.

18 ஜூன்

"ரீசார்ஜ் கடைக்காரர் வேறு எப்படிப் பேசுவார்?" சரியான அடி. ஆனால் ரீசார்ஜில் கிடைக்கும் கமிஷனில் ஒரு சாயாகூடத் தேறாது ஐயா. என்னை வாழவைப்பது ஆதார் கார்டு ஜெராக்ஸ்.

24 ஜூன்

வாய்ஸ் நோட் பற்றி ஒருவர் எழுதியதைப் பார்த்ததும் பழைய டேப் ரெக்கார்டர் நினைவுக்கு வந்துவிட்டது. பேச்சு வழி மாறிப் போகிறது, போகட்டும்.

வளைகுடாவுக்கு ஆள் போகத் தொடங்கிய காலத்தில், எழுதப்படிக்கச் சிரமப்பட்ட வீடுகளில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். லீவு முடிந்து திரும்பும் யாராவது ஒருவர் கையில் ஏத்தங்காய் சிப்ஸ், ஊறுகாயோடு கேசட்டும் போகும். பதிவு செய்வது ஒரு சடங்கு. திண்ணையில் பாய் விரித்து நடுவில் டேப்பை வைத்துச் சுற்றிலும் உட்காருவார்கள். முதலில் அப்பா, தொண்டையைக் கனைத்துக்கொண்டு. பிறகு அம்மா, பாதியில் அழுகை. மைக்கைக் கண்டதும் வாயே திறக்காத பாட்டியை எல்லோரும் சேர்ந்து கெஞ்சுவார்கள், அந்தக் கெஞ்சலும் பதிவாகிவிடும். நடுவில் கோழி கூவும், பக்கத்து வீட்டுக்காரர் படியேறி வந்து "யாருக்கு?" என்பார். அங்கே போய்ச் சேர்ந்தால் அறையில் இருக்கும் அத்தனை பேரும் கேட்பார்கள், நாடா தேயும்வரை.

வாட்ஸப்பில் குரல் அனுப்பும் வசதி 2013ல் வந்தது. வேகத்தைக் கூட்டிக் கேட்கும் வசதி 2021ல். கடையில் ஒரு பையன் அவன் அம்மாவின் வாய்ஸ் நோட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். "மக்கா சாப்டியா மருந்து எடுத்தியா அந்த நீல சட்ட எங்க வச்ச" என்று மூச்சு விடாமல் ஓடிற்று அந்தக் குரல். "எதுக்கு டே இந்த ஓட்டம்?" என்றேன். "அம்மா எப்பவும் இதத்தான் அண்ணாச்சி சொல்லும்" என்றான்.

இதைச் சொல்லி அந்தக் காலம் பொற்காலம் என்று முடித்தால் கைதட்டல் கிடைக்கும். முடிக்கமாட்டேன். அந்தத் திண்ணைக் கூட்டத்தில் கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத மருமகள் ஒருத்தியும் இருப்பாள். அவள் முறை வரும்போது மாமியார், மாமனார், கொழுந்தன் எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "நான் சுகமா இருக்கேன்" என்பாள், டேப்பை அடுத்தவரிடம் தள்ளிவிடுவாள். வருஷக்கணக்கில் அவள் குரலில் புருஷனுக்குப் போனது அந்த ஒரு வரிதான். அவள் சுகமாக இருந்தாளா என்று யார் கேட்டார்கள்? இன்றைய மருமகள் துணி காயப்போடும் சாக்கில் மொட்டை மாடிக்குப் போய் நாலு நிமிஷம் பேசி அனுப்பிவிடுகிறாள். கோபம், பயம், மாமியார் சொன்ன சொல், எல்லாம் அதில் போகிறது. பூத் கூண்டுக்குள்கூட அந்தச் சுதந்திரம் கிடையாது, கண்ணாடிக்கு வெளியே கொழுந்தன் நிற்பான்.

26 ஜூன்

மார்த்தாண்டம் அக்கா திரும்ப எழுதியிருக்கிறார். குரூப்பை விட்டு வந்துவிட்டாராம். 2022லிருந்து ஒருவர் விலகினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும் என்று நம்பி, யாருக்கும் தெரியாமல் நழுவினார். அட்மின் யார் என்றால் அதே நாத்தனார்.

தவிர, விலகியவர் பெயர் 60 நாள் வரை உறுப்பினர் பட்டியலின் அடியில் தெரியும், எல்லோருக்கும்.

மறுபடியும் சேர்த்துவிட்டார்களாம். இப்போது எது வந்தாலும் கைகூப்பும் படத்தைத் தட்டிவிடுகிறாராம், மாடு கன்று போட்டதற்கும் உட்பட.

30 ஜூன்

8ஆம் தேதி நான் எழுதியதை ஒரு பெண் நன்றாகப் பிடித்து உலுக்கியிருக்கிறார். தக்கலைக்காரர், குவைத்தில் நர்ஸ் வேலை. சாக்கு போய்விட்டதே என்று புலம்புகிறீர்களே, அந்தச் சாக்கால் தப்பித்தது யார் என்று கேட்கிறார். வெளிநாட்டில் இரண்டு வருஷம் கடுதாசியே போடாமல் இருந்துவிட்டு "தபால் சரியில்லை" என்ற புருஷன்மார் எத்தனை பேர். இங்கே காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது சாக்கு இல்லை, தண்டனை.

மறுக்கமுடியாத வாதம். பூத்துக்கு வாரம் தவறாமல் வந்து "எனக்குப் போன் வந்துதா" என்று கேட்டுவிட்டுப் போன பெண்களை எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்லச் சங்கடப்பட்டு "லைன் கோளாறு" என்பேன். சாக்கை நானே தயாரித்துக் கொடுத்திருக்கிறேன், அவர்கள் புருஷன்மார் சார்பில்.

ஆனால் அதே கடிதத்தில் அவர் எழுதிய இன்னொன்றையும் பாருங்கள். டியூட்டி முடிந்து இரவு அறைக்கு வந்து தூக்கம் பிடிக்காமல் அரைமணி நேரம் ஏதாவது பார்த்துக்கொண்டிருப்பாராம். காலையில் ஊரிலிருந்து புருஷன் கேட்பார், "ராத்திரி ஒன்றரைக்கு யார்கூடப் பேசின?" கடைசியாகப் பார்த்த நேரத்தை மறைத்துவைத்தார், "ஏன் மறைச்ச?" என்று வந்தது. ஆன்லைனில் இருப்பதையும் மறைத்தார், அதற்கும் கேள்வி. கடைசியில் ஃபோனைப் பூட்டி வைத்துவிட்டு விட்டத்தைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாராம். சந்தேகம் ஃபோனுக்கு முன்பே பிறந்தது, அதை யாரும் கண்டுபிடித்துத் தரவேண்டியதில்லை. அதற்கு மணி, நிமிஷம் போட்டுக் கையில் ஆதாரம் கொடுத்திருப்பதுதான் புதுசு.

பூத் காலத்தில் அந்த ஆதாரம் என்னிடம்தான் இருந்தது. பில் மிஷினில் நம்பர், நேரம் எல்லாம் அச்சாகும். ஊரில் எத்தனையோ பேர் சாயா வாங்கிக் கொடுத்துக் கேட்டிருக்கிறார்கள், "அந்தப் பிள்ள யாருக்கு அடிச்சா?" கவனிக்கலியே அண்ணே என்று சொல்லிவிட்டுச் சாயாவைக் குடித்துவிடுவேன். நடுவில் ஒரு மனிதன் இருந்தால் அவன் வாயை மூடிக்கொள்ள முடியும். எனக்கு நீலக் குறியில் ஒட்டாத இடம் அதுதான், முதல் நாள் இதைச் சரியாகச் சொல்ல வரவில்லை.

5 ஜூலை

ஒக்கிப் புயல் சமயத்தில் வாட்ஸப் உதவியதா, கெடுத்ததா என்று கேட்டவருக்கு.

2017 நவம்பர் 30. கரையில் மரங்களெல்லாம் சாய்ந்தன, கரண்ட் இல்லை, டவர் பல இடங்களில் இல்லை. ஆழ்கடலுக்குப் போனவர்களிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. ஃபோன் உயிர்பெற்றதும் வந்து விழுந்த செய்திகளுக்குக் கணக்கில்லை. லட்சத்தீவில் ஒதுங்கிவிட்டார்கள். மகாராஷ்டிராவில் தேவ்கட் துறைமுகத்தில் இத்தனை படகுகள். இவற்றில் பல உண்மை, நிஜமாகவே அங்கே ஒதுங்கியிருந்தார்கள். பொய்யும் அதே எழுத்தில், அதே அவசரத்தில் வந்தது.

கையால் எழுதிய பெயர்ப் பட்டியல்களைப் படம் பிடித்து அனுப்பினார்கள். அதைப் பெரிதாக்கி அச்செடுக்க என் கடைக்கு வந்தார்கள், ஜெனரேட்டர் வைத்து ஓட்டினேன். காகிதம் சூடாக வெளியே வரும்போதே பிடுங்கிக்கொண்டு விரலை மேலிருந்து கீழே ஓட்டுவார்கள். நம் கடற்கரை ஊர்களில் புனிதர் பெயர்கள்தான், ஒரே ஊரில் ஒரே பெயரில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். பட்டியலில் அப்பா பெயரும் இருக்காது, ஊர்ப் பெயரும் இருக்காது. ஒரு பெயரைப் பார்த்து இரண்டு வீட்டில் அழுகை நின்றது. இரண்டில் ஒருவர்தான் வந்தார்.

உதவியதா, கெடுத்ததா என்று கேட்டால் அந்த இரண்டாவது வீட்டில் போய்க் கேட்கவேண்டும். எனக்கு வாய் வராது.

அடுத்த வருஷம் பிள்ளை பிடிக்கிறவர்கள் வதந்தி. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்த ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் 5 இடங்களுக்கு மேல் தள்ளிவிட முடியாதபடி வாட்ஸப் கட்டுப்படுத்தியது. 2020 ஏப்ரலில் பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஒருவருக்கு மட்டும் என்று இன்னும் இறுக்கினார்கள். தள்ளிவிடுகிறவர் வேகம் குறைந்ததா? ஒன்றொன்றாகத் தள்ளுகிறார், ஓய்வுபெற்றவருக்கு நேரத்துக்கா பஞ்சம்?

13 ஜூலை

துஷ்டி வீட்டிலிருந்து இப்போதுதான் வந்தேன். ஒரு விஷயம் மனதில் கிடந்து உறுத்துகிறது.

முன்பு ஒரு வீட்டில் இறப்பு என்றால் சொல்லிவிட ஆள் போகும். சைக்கிளில் ஒருத்தன் நாலு ஊர் சுற்றி, ஒவ்வொரு வாசலிலும் நின்று நேரம் சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த வீட்டுக்குப் போவான். இன்றைக்குக் குரூப்பில் படம் போட்டு அடக்கம் எத்தனை மணிக்கு என்று போட்டால் ஐந்து நிமிஷத்தில் அமெரிக்காவரை தெரிந்துவிடுகிறது. நல்லதுதான். "ஆழ்ந்த இரங்கல்", "ஆழ்ந்த இரங்கல்" என்று வரிசையாக விழுகிறது. போட்டவர்களில் பாதிப் பேர் நடந்துவரக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறார்கள், வரவில்லை. போட்டாயிற்று, கடமை முடிந்தது.

இறந்தவரோடு சின்ன வயதில் பனையேறிய ஒருவர், எண்பது வயதைத் தாண்டியவர், அடக்கம் முடிந்து பந்தல் பிரிக்கும்போது வந்து சேர்ந்தார். மகனைப் பிடித்துக்கொண்டு, "ஏன் மக்கா எனக்கு ஆள் விடல்ல?" என்றார். குரூப்பில் போட்டிருந்தோமே தாத்தா என்றான் அவன். அவரிடம் ஃபோனே கிடையாது. ஒதுக்கவேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கு இந்தச் சிக்கல் தலைகீழ். ஃபோன் வைத்திருக்கிறவரே "வாட்ஸப்புலதான விளிச்சான், வீடேறி விளிக்கலியே" என்று வராமல் இருந்துவிடுவார். இரங்கலுக்கு வாட்ஸப் போதும், சாப்பாட்டுக்கு மட்டும் நேரில் வந்து கூப்பிடவேண்டும்.

14 ஜூலை

பனையேறிய என்று எழுதியதற்கு, பக்கத்துத் தோட்டத்தில் கள்ளுப் பானையை இறக்கியதைச் சொல்கிறேனா என்று கேட்கிறார்கள். ஆமாம். இறந்தவர் கோபிக்கமாட்டார்.

1 ஆகஸ்ட்

நேற்று நள்ளிரவோடு தடை முடிந்தது. ஐஸ், டீசல், தண்ணீர் எல்லாம் ஏற்றி முடித்துப் போயிருக்கிறார்கள். கடைத்தெரு இரண்டு மாதத்துக்குப் பிறகு அமைதி.

ரெண்டு டிக் பெண் கடைக்கு வந்தாள். புருஷன் கொச்சிக்குப் போயாயிற்று, இன்று ராத்திரி படகு. "ரெண்டு மாசம் வீட்டுல இருந்தாரே, நல்லாப் பேசிச் சிரிச்சிருப்பீங்க" என்றேன். "எங்க அண்ணாச்சி, கட்டில்ல கெடந்து ரீல்ஸ் பாத்தாரு. பஸ் ஏறி மார்த்தாண்டம் தாண்டல்ல, அதுக்குள்ள மூணு வாட்டி விளிச்சாச்சு."

2 ஆகஸ்ட்

ஆழ்கடலிலும் இனி சத்தமில்லாமல் இருக்க முடியாது, செயற்கைக்கோள் கருவி வந்துவிட்டதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை. இஸ்ரோ உருவாக்கிய தொழில்நுட்பத்தில் செயல்படும் டிரான்ஸ்பாண்டர் கருவிகளை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கியது. டவர் இல்லாத இடத்திலிருந்தும் கரைக்குச் சின்னச் செய்தி அனுப்பலாம், கரையிலிருந்து புயல் எச்சரிக்கை போகும். ஒக்கி வந்தபோது இது இருந்திருந்தால் என்று நினைக்காத வீடு இந்தக் கரையில் இருக்காது. இதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு படகுக்காரர் மட்டும் கடையில் வைத்து என்னிடம் மெதுவாகக் கேட்டார், "பொம்பளைங்களுக்கும் அதுல மெசேஜ் போட முடியுமா?"

6 ஆகஸ்ட்

நாலு மணிக்கு ஆன்லைனில் இருந்தவர் தரப்பை ஏன் எழுதவில்லை என்று பலர் கேட்டாயிற்று. தடைக்காலத்தில் ஒருநாள் அவரே கடைக்கு வந்தார், அப்போது பேசியதைச் சொல்கிறேன்.

டவர் வந்ததும் முதலில் கூப்பிடுவது படகு முதலாளியும் ஏலக்காரரும்தானாம். என்ன மீன், எத்தனை கிலோ, எந்தத் துறைமுகத்தில் விலை, இதெல்லாம் ஆன்லைனில்தான். அது முடிந்ததும் தலை சுற்றும், கண் மூடாது, எதையாவது பார்த்துக்கொண்டு கிடப்பாராம். "வீட்டுக்கு விளிச்சா பிள்ள காய்ச்சல்ல இருந்து சீட்டுக் காசு வரைக்கும் எல்லாத்துக்கும் பதில் சொல்லணும் அண்ணாச்சி. அதுக்கு ஒரு தெளிவு வேணும்லா. அர ஒறக்கத்துல எதையாவது சொல்லிட்டா அதுக்கும் சண்ட." பேசப் பிடிக்காமல் இல்லை, சரியாகப் பேசவேண்டும் என்று தள்ளிப்போட்டிருக்கிறார். இதை அவளிடம் சொன்னீரா என்றேன். சொல்லவில்லை.

நான் சொல்லவா என்றேன். வேண்டாம் என்றார், அப்புறம் யோசித்துச் சரி என்றார். சொன்னேன். அவள் உடனே ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இரண்டு பேருமாக வந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டதாகச் சொன்னார்கள். கரை நெருங்கியதும் அவர் ஒரு கட்டைவிரல் படம் மட்டும் போட்டுவிடவேண்டும். அதற்கு மேல் ஒன்பது மணி வரை அவள் ஃபோனை எடுத்துப் பார்க்கக்கூடாது. கூடாது என்பதை அவள் காப்பாற்றமாட்டாள் என்று அவரும் சொன்னார், அவளும் சொன்னாள்.

ரீசார்ஜ் அவருக்கு எப்போதும் ஒரு தலைவலி. 28 நாள் பேக் போட்டால் கடலிலேயே முடிந்துவிடும், கரைக்கு வரும்போது டவர் இருந்தும் பேச முடியாது. போன தடவை அப்படித்தான் ஆயிற்று, அதற்கும் ஒரு சண்டை. இந்த முறை போவதற்கு முன்பே 84 நாள் பேக் போட்டுவிட்டேன். காசு அவள் கொடுத்தாள்.